கை எட்டிய வரை

இந்த ஊரில் படம் வரைகிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி "மலைய வரைவீங்களா?" என்பதுதான். இல்லை என்றால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மலையை வரையாத ஆளுக்குத் தூரிகை எதற்கு என்று நினைப்பார்கள். கிரிவலப் பாதையில் நாலு கடைக்கு ஒரு கடையில் மலைப் படம் தொங்குகிறது. விடியற்கால மலை, சாயங்கால மலை, நிலாவோடு மலை, உள்ளே சிவன் முகம் தெரிகிற மலை. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். மலைமேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. எதைக் காட்டினாலும் மலையாகவே பார்க்கும் கண்கள் மேல்தான் கோபம்.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பழைய கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை அடுக்குவதும்தான் வேலை. மழை ஒழுகி நனைந்த கோப்பைப் பிரித்தால், உள்ளே பழுப்பு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதன் ஓரத்தில் மை கசிந்து ஊதாவாகப் பரவியிருக்கும். மற்றவர்கள் ஐயோ போச்சே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் கழண்டுபோச்சு என்று எனக்குப் பெயர் வந்தது அப்போதுதான். வரட்டும். அந்தக் கறையில் யாரும் எதையும் சொல்ல முயலவில்லை, அதுவாக நடந்திருந்தது. அப்படி ஒன்றை நானும் நடத்திப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது.

முதல் படத்தை ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் போட்டேன். முன்பக்கத்தில் யாருடைய மகளுக்கோ மஞ்சள் நீராட்டு. ஒரு வாரத்தில் பெயின்ட் தோல் உரிவதுபோல உரிந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் பிளைவுட் துண்டுகளுக்கு மாறினேன். ஹார்டுவேர் கடைக்காரர், கலர் தப்பாகக் கலந்துபோய் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிய டப்பாக்களை எனக்கு எடுத்து வைப்பார். எனக்கு அவைதான் வேண்டும். கேட்டு வாங்கினால் அப்படிப்பட்ட நிறங்கள் கிடைக்காது. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று பூசிக் காயவிட்டு, பிறகு உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பேன். நான் வரைவதைவிடத் தேய்ப்பதுதான் ஜாஸ்தி. அடியில் இருப்பது எங்கே எப்படி மேலே வரும் என்று எனக்கே தெரியாது. எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. பாதிக்குப் பாதி படங்களைப் பலகை தெரிகிறவரை தேய்த்து நாசமாக்கியிருக்கிறேன்.

என் அம்மா விழுந்தது ஒரு தை மாதத்தில். வலது பக்கம் முழுக்க வராமல் போய்விட்டது, பேச்சும் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் யார் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் ஒரு நிமிஷம்கூடப் பேச்சு நடக்கவில்லை. அப்பா கட்டிய வீட்டை, நடுச்சுவரில் இருந்த வாசலை அடைத்து நானும் தம்பியும் முன்பே இரண்டாக்கியிருந்தோம். என் பக்கத்து அறையில், அந்த நடுச்சுவரை ஒட்டி அம்மாவின் இரும்புக் கட்டிலைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி படுக்கிற அறை.

அம்மாவுக்கு இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கை எப்போதும் சுவரிலேயே இருந்தது. ஆரம்பத்தில் விரல் முட்டியால் தட்டினாள். தட்டத் தெம்பு இல்லாமல் போனதும், உள்ளங்கையாலும் நகத்தாலும் தேய்க்கத் தொடங்கினாள். காலையில் நான் அலுவலகம் போகும்போது தேய்ப்பாள். சாயங்காலம் வரும்போதும் தேய்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என் வாசலில் வந்து நின்றான். கையில் எலி மருந்து பாக்கெட் இரண்டு.

"அக்கா, உன் பக்கம் எலி இருக்குதா? சொவுத்தச் சொரண்டிக்கினே இருக்குது. இந்தா, நீயும் ஒண்ணு வெச்சுக்கோ."

"எலி இல்லடா. அம்மா. உன்னத்தான் கூப்புடுறா."

அவன் இரண்டு பாக்கெட்டையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். சரிக்கா என்றான். அந்த வாரமே படுக்கையை மாடி அறைக்கு மாற்றிக்கொண்டான்.

வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வாரம் ஒருதரம் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "சாப்டாங்களா?" என்று என்னைக் கேட்பான். அம்மாவைக் கேட்கமாட்டான். "மொகத்தப் பாக்க முடியலக்கா" என்பான். எனக்கு மட்டும் முடிந்ததா? மலம் அள்ளினேன், புண்ணுக்கு மருந்து போட்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன், திட்டினேன். நானும் ஒன்றும் உத்தமி இல்லை. சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் பெயின்ட்டும் படுக்கையெல்லாம் கொட்டுகிறது என்று ஒருநாள் ஆத்திரத்தில் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்துவிட்டேன். அம்மாவின் கை காற்றில் துழாவியது. சத்தம் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலைத் திரும்பத் தள்ளி வைத்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

ஆடி கடைசியில் அம்மா போனாள். ஏழு மாதத் தேய்ப்பில் சுவரில் ஓர் இடம் உண்டாகியிருந்தது. மேலே, எங்கள் பங்கு பிரித்தபோது அடித்த ரோஸ். அதற்குக் கீழே தம்பி கல்யாணத்துக்கு அடித்த பச்சை. அதற்கும் கீழே அப்பா காலத்து நீலம் கலந்த சுண்ணாம்பு. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைந்து, நடுவில் கை எண்ணெயும் வேர்வையும் ஏறி மங்கலாக மினுங்கியது. முழங்கையைக் கட்டிலில் ஊன்றி ஆட்டிய கை என்பதால், கீழே அகலம், மேலே போகப்போகக் குறுகல். உச்சியில் ஒரே ஓர் இடம். கஞ்சி கொடுக்க நான் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைக்கும்போது மட்டும் அவள் விரல் அங்கே எட்டும்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். இறப்புச் சான்றிதழ் விஷயமாக நான் வெளியே போய்விட்டுத் திரும்பினால், அம்மாவின் அறை பட்டி மாவு பூசி, வழவழவென்று சந்தன நிறத்தில் இருந்தது. தம்பி ஆள் வைத்து முடித்திருந்தான்.

"உன் பக்கமும் சேத்து அடிச்சுட்டேன்கா. சொவுரு அசிங்கமா இருந்துச்சு."

எனக்கு உதவி செய்ததாகத்தான் அவன் நினைத்தான். நான் அதை ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருக்கவில்லை. கறையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற எனக்கு, அம்மா போட்ட கறையைப் படம் பிடித்து வைக்கத் தோன்றவில்லை. மறுநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பட்டிதான் வந்தது.

மெத்தையும் தலையணையும் அம்மாவோடு போய்விட்டன. இரும்புக் கட்டிலைப் பழைய சாமான்காரர் எடுத்துப்போனார். கட்டிலின் மேல் போட்டிருந்த ஆறடிப் பிளைவுட் பலகையை மட்டும் அவர் தொடவில்லை. யாரும் தொடமாட்டார்கள், தீட்டு. பின்பக்கம் காம்பவுண்டில் சாத்திவைத்திருந்தார்கள், மழையில் அதுவாக ஊறிப்போகட்டும் என்று. நான் கழுவி, காயவைத்து, மாடியில் நான் படம் போடுகிற சிமென்ட் ஷீட் அறைக்கு ஏற்றிக்கொண்டேன்.

அதில் படம் போட ஒன்பது மாதம் ஆயிற்று. பலகைக்கு வெள்ளை பிரைமர் அடித்துவிட்டு, முதலில் நீலம், அதன்மேல் பச்சை, அதன்மேல் ரோஸ் என்று சுவர் எந்த வரிசையில் வளர்ந்ததோ அதே வரிசையில் பூசினேன். அந்த ரோஸ் லேசில் அகப்படவில்லை. ஒரு வாத்தியார் வீட்டுக்குக் கலந்து, அவர் மனைவி பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்ட டப்பாவில் கடைசியில் கிடைத்தது. பிறகு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். தப்பாக வந்தது. திரும்பப் பூசித் திரும்பத் தேய்த்தேன், மறுபடியும் தப்பு. எல்லாம் சமமாக, பாலிஷ் போட்ட நாற்காலிபோல இருந்தது. எங்கே கோளாறு என்று பல வாரம் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பளிச்சென்று பட்டது. நான் நின்றுகொண்டு வலது கையால் தேய்க்கிறேன். அம்மா படுத்துக்கொண்டு இடது கையால் அல்லவா தேய்த்தாள்! பலகையைச் சுவரோரமாக நீளவாட்டில் நிறுத்தி, பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். முழங்கையை ஊன்றிக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி, இடது கையால் தேய்த்தேன். உச்சிக்கு மட்டும் தலையணையில் சாய்ந்துகொண்டு எட்டினேன். அவளுக்கு உள்ளங்கையும் நகமும் ஏழு மாதமும் இருந்தன. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லாததால் ஈரத் தேங்காய் நாரை வைத்துக்கொண்டேன். கை ஓய்ந்துபோகும், விட்டுவிடுவேன், மறுவாரம் திரும்பப் படுப்பேன். ஒருநாள் நாரைப் போட்டுவிட்டு வெறும் கையால் தேய்த்தபோது அந்தச் சத்தம் வந்தது. எலி என்று அவன் சொன்ன சத்தம். கையை எடுத்துவிட்டேன். என் ஆயுசிலேயே எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்து நிறுத்திய படம் அது ஒன்றுதான்.

தம்பி கோயில் பக்கம் லாட்ஜ் நடத்துகிறான். இரண்டு வருஷம் கழித்து, வரவேற்பறையைப் புதுப்பித்தபோது என்னிடம் வந்தான். "பெரிய சொவுரு காலியா கீதுக்கா. உன் படம் ஒண்ணு குடேன்." அதுவரை என்னிடம் யாரும் படம் கேட்டதில்லை. மாடியில் பதிமூன்று படம் இருந்தது. நான் அந்தப் பலகையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பாசத்தில் கொடுக்கவில்லை. வன்மத்தில் கொடுத்தேன், அதை ஏன் மறைக்கவேண்டும். தினமும் அதன் எதிரில் உட்காரட்டும், தன் கல்யாணத்துப் பச்சை அவனுக்குத் தெரியாமலா போகும், ஒருநாள் பார்ப்பான், பார்த்துத் துடித்துப்போவான் என்று கணக்குப் போட்டேன். அவன் பலகையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"நல்லா இருக்குக்கா. நம்ம மல!"

நாளாவட்டத்தில் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

தீபத்தன்று சாயங்காலம் போன் பண்ணினான். "சீக்கிரம் வாக்கா, உன் படத்த எப்படி பண்ணியிருக்கேன்னு வந்து பாரு." கூட்டத்தில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். என் படத்துக்கு விபூதிப் பட்டை, குங்குமம், சாமந்தி மாலை. உச்சியில் எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு துளை போட்டிருந்தான். துளைக்குள் சின்னச் சிவப்பு பல்பு. வெளியே மலைமேல் தீபம் தெரிந்து ஊரே அரோகரா என்று கத்திய அதே நிமிஷம், இவன் சுவிட்சைப் போட்டான். லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டார். தம்பி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு நின்றான், கண்ணில் தண்ணீர். சாய்த்து உட்காரவைத்தால் மட்டும் அம்மாவின் விரல் எட்டிய இடத்தில் பல்பு எரிந்தது.

கத்தியிருக்கவேண்டும். அவன் கையில் வைத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம் அது படமாக இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிறவர்கள் அறைச் சாவி வாங்குமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சாமியைக் கழற்றிக் கொடு என்று நான் எப்படிக் கேட்பேன்? சம்பளம் எடுக்க வந்தேன், கடைக்கு வந்தேன் என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். இத்தனை கை பட்டதில் நடுவில் பச்சை போய் நீலமும், நீலம் போய் வெள்ளையும் தெரிய ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெய் பிசுக்கும் வேர்வையும் ஏறி, நான் தேங்காய் நாரால் கொண்டுவர முடியாத அந்த மங்கலான மினுக்கத்தை முன்பின் தெரியாதவர்கள் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். எங்கள் சுவரில் இருந்தது திரும்பி வந்துகொண்டிருந்தது.

போன பங்குனியில் ஒருநாள் காலையில் தம்பி சொன்னான்:

"அக்கா, கை பட்டுப் பட்டுப் படம் வீணாப் போவுது. அந்த வெள்ளையா இருக்கிற எடத்துல கொஞ்சம் பச்ச அடிச்சுக் குடேன். பாக்க அசிங்கமா இருக்குது."

அசிங்கம். அதே சொல். இரண்டாவது தடவையாக அதன்மேல் பெயின்ட் அடிக்கப் பார்க்கிறான், அதுவும் என் கையாலேயே.

"அது மல இல்லடா" என்றேன். "அம்மா தேய்ச்ச சொவுரு. உன்னக் கூப்புட்டுத் தேய்ச்சாளே, நீ எலின்னு சொன்னியே, அது. நீ வெள்ளையடிச்சு மறைச்சத நான் திரும்பப் போட்டேன். அந்தப் பச்ச உன் கல்யாணத்துப் பச்ச. பலகை அம்மா படுத்திருந்த பலகை."

அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. வாசல் பக்கம் பார்த்தான், மாடிப்படிப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. என் பக்கம் குனிந்தான்.

"பலகையா? கட்டில் பலகையாக்கா?"

நான் சொன்ன அத்தனையிலும் அவன் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

"ஆமா."

"ஐயோ. யார்கிட்டயும் சொல்லாதக்கா. சாமின்னு கும்புடுறாங்க."

"அம்மா கூப்புட்டான்னு சொல்றேன், உனுக்கு ஒண்ணும் தோணலையா?"

"அம்மாவும் அண்ணாமலையாரும் ஒண்ணுதான்கா" என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரல் நன்றாக இளகியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவனிடம் கண்ணீர் இருக்கிறது, பக்தி இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் அந்த ஏழு மாதமும் எதுவும் இருக்கவில்லை.

"புடிக்கலன்னா கழட்டிக் குடுத்துடு. நான் எடுத்துனு போறேன்" என்றேன்.

"இப்போ கழட்டுனா எல்லாரும் ஏன் ஏன்னு கேப்பாங்க. நான் பாத்துக்குறேன், நீ போ."

அவன் பார்த்துக்கொண்டதை அடுத்த வாரம் போன் பண்ணிச் சொன்னான். ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியாவாசனம் செய்து தீர்த்தம் தெளித்தாயிற்று. இனிமேல் தீட்டு யார்மேலும் படாது. அதுக்குமேலும் ஒரு ஜாக்கிரதைக்கு ஒரு வேலை பண்ணியிருக்கேன்கா, நேரா வந்தே பாரு என்றான்.

நான் போன அன்று தம்பி அங்கே இல்லை. மேசையில் புதிதாகச் சேர்ந்த மேனேஜர், என் வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். என்னைத் தெரியாது. ரூமாம்மா என்று கேட்டார். இல்லை, சாமி பார்க்க வந்தேன் என்றேன்.

படத்தின்மேல், முழு அகலத்துக்கும், நாலு பக்கமும் பித்தளைத் திருகு போட்டுக் கனமான கண்ணாடி மாட்டியிருந்தது. மாலை கண்ணாடிக்கு வெளியே தொங்கியது. உள்ளே பல்பு எரிந்தது. கைகள் தேய்த்த அந்த வெள்ளை அப்படியே பாதியில் நின்றுபோயிருந்தது. இனி எந்தக் கையும் அதன்மேல் படாது.

நான் இடது கையைத் தூக்கிக் கண்ணாடிமேல், அந்த வெள்ளைக்கு நேராக வைத்தேன். ஜில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

"அம்மா, கண்ணாடில கை வெக்காதீங்க" என்றார் மேனேஜர். கோபமாகச் சொல்லவில்லை. "கற ஆவுது பாருங்க. ஓனர் திட்டுவாரு."

கையை எடுத்தேன். அவர் மேசைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்துவந்து, என் கை இருந்த இடத்தைத் துடைத்தார்.